தம்பிக்கு எழுதாத தீவுச் சீட்டு

வருகிறவர்களின் முகத்தை அவள் கடைசியில்தான் பார்ப்பாள். முதலில் கால். பின்பட்டை வைத்த செருப்பு என்றால் அருவிக்கு அனுப்பலாம். புது ஷூ, அதுவும் வெள்ளை என்றால் பழைய கோட்டை; ஏசி வண்டி வாசல் வரைக்கும் போகும். வெறுங்காலோடு தரையெல்லாம் மணல் உதிர்த்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஏற்கெனவே கடல் பிடித்துவிட்டது. அவர்களிடம் படகைத் தவிர எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி. அதையும் கணவனிடம் கேட்க மாட்டாள், மனைவியிடம் கேட்பாள்.

“நேத்து ராத்திரி நல்லாத் தூங்குனீங்களாம்மா?”

தூங்கவில்லை என்றால் அன்றைக்குப் படகு கிடையாது.

“படகுல போற ஆசை சாருக்கு. வாந்தி எடுக்கிற வேலை உங்களுக்கு. வேணாம்மா. இன்னைக்கு மிளகுத் தோட்டம் பாத்துட்டு வாங்க. கடல் நாளைக்கும் இங்கதான் இருக்கும், பெட்டி கட்டிக்கிட்டு எங்கயும் கிளம்பிடாது.”

கணவன்மார் முறைப்பார்கள். மனைவிமார் மறுநாள் தனியாக வந்து நன்றி சொல்வார்கள்.

கடற்கரை விடுதியில், வரவேற்பறைக்கும் நீச்சல்குளத்துக்குத் துண்டு கொடுக்கிற கவுன்ட்டருக்கும் நடுவில் அவளுடைய மேசை. பதினேழு வருஷமாக அதே இடம். பின்சுவரில் சுற்றுலாக்களின் படங்கள் ஒட்டிய பலகை. நிலத்தில் அருவி, கோட்டை, மிளகுத் தோட்டம். கடலில் அரைமணி நேரச் சவாரி, மாலை வெயிலில் ஒரு சுற்று, மதியச் சாப்பாட்டோடு நாள் முழுக்கத் தீவு. அருவியில் தண்ணீர் வற்றிய மாதங்களில், “பாறையைப் பாக்கவா ரெண்டு மணி நேரம் போவீங்க?” என்று அவளே படத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிடுவாள். அதனால் அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு பேர். முதலாளி முதல் பாத்திரம் கழுவுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் மேசை அக்கா.

விடுதியோடு ஒப்பந்தம் போட்டிருந்தவை ஆறு படகுகள். மறுநாள் எந்தப் படகு எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்வது அவள்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆறு சீட்டு எழுதி, படகுத்துறைக் கொட்டகையில் இருக்கும் ஆறு ஆணிகளில் குத்திவிட்டு வருவாள். படகுக்காரர்கள் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்து பார்ப்பார்கள். எல்லோருக்கும் வேண்டியது தீவுச் சீட்டுதான். ஒரு முழு நாள் வேலை, நல்ல கூட்டம், திரும்பி வரும்போது பயணிகளே கையில் ஏதாவது கொடுத்துவிட்டுப் போவார்கள். யாருக்கும் வேண்டாதது அரைமணிச் சவாரி. மீனைக் காட்டு, கரைக்கு வா, அடுத்த கும்பலை ஏற்று, மறுபடி அதே மீனைக் காட்டு.

ஆறாவது படகாக அவளுடைய தம்பியின் படகு வந்து சேர்ந்தது எட்டு வருஷத்துக்கு முன்னால். அவளைவிட ஒன்பது வயது இளையவன். வேறு துறையில் ஓட்டிக்கொண்டிருந்தவனை இவளே கூப்பிட்டு, அப்போதிருந்த மேனேஜரிடம் அறிமுகப்படுத்தி வைத்தாள். முதல் நாள் சாயங்காலம் சீட்டுகளோடு கொட்டகைக்குப் போனபோது அங்கே தொப்பி உட்கார்ந்திருந்தார். படகுக்காரர்களில் மூத்தவர். குளிக்கும்போதும் அந்தத் தொப்பி தலையில்தான் இருக்கும் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

“வாங்க மேசை அக்கா. எழுதி முடிச்சாச்சா?”

“முடிச்சாச்சு, பாருங்க.”

“பாக்கிறதுக்கு என்ன இருக்கு? அக்கா மேசையில, தம்பி கடல்ல. தீவை உங்க வீட்டுக் கொல்லைப்புறத்துல சேத்துக்க வேண்டியதுதான்.”

கொட்டகை சிரித்தது. தம்பியும் சிரித்தான். தொப்பி கெட்டவர் அல்ல; சிரிப்பதற்கு அன்றைக்கு அது கிடைத்தது, சொன்னார், அடுத்த நிமிஷம் மறந்திருப்பார். அவளுக்கு மட்டும் அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. முறைப்படி தம்பிக்கு எழுதியிருந்த தீவுச் சீட்டை அங்கேயே கிழித்து, பேனாவை எடுத்து வேறொரு தாளில் அரைமணிச் சவாரி என்று எழுதி ஆணியில் குத்தினாள்.

“இப்ப சரியா?” என்றாள் தொப்பியிடம்.

“ஐயோ, நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் அக்கா.”

“நான் சும்மா எழுதல.”

ஒரு நாள் வீறாப்பாக இருந்திருந்தால் பரவாயில்லை. அதுவே வழக்கமாகிப் போனது. அழுகிற குழந்தைகள், தூறல் விழுகிற காலை, தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிறவர்கள் எல்லாம் தம்பியின் ஆணிக்கு. ஏழு வருஷத்தில் ஏழெட்டு முறை அவனுக்குத் தீவு போயிருந்தால் அதிகம். அதுவும் மற்ற ஐந்து பேரும் ஏதாவது கல்யாணத்துக்குப் போயிருந்த நாட்கள். அவன் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. சீட்டைப் பார்ப்பான், சட்டைப் பையில் வைப்பான். “நம்ம மீன்களுக்கு என் முகம் மனப்பாடம் ஆயிடுச்சு” என்று கொட்டகையில் சொல்லிச் சிரிப்பான்.

இதைவிட மோசமான ஒன்றையும் அவள் செய்தாள். வேறு யாருக்கும் தெரியாது. சில நாட்களில் மற்ற படகுகள் எல்லாம் நிரம்பிவிட்டு, தம்பியுடையது மட்டும் மிச்சமிருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் வந்து தீவு கேட்கும். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்லுவாள்:

“இன்னைக்குக் கடல் கொஞ்சம் முரண்டு பிடிக்குதுங்க. அருவிக்குப் போயிட்டு வாங்களேன்.”

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களும் வண்டியில் ஏறுவார்கள். பின்னால் ஜன்னல் வழியாகத் தெரிகிற கடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரி கிடக்கும்.

பணத்துக்காகப் பொய் சொல்கிறவர்களை அவளுக்குத் தெரியும். கடற்கரை முழுக்க அவர்கள்தான். தன்னுடையது அந்தக் கணக்கில் சேராது என்று நினைத்துக்கொண்டாள். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டாமல் இருக்கிறேன், அவ்வளவுதானே? அப்படி நினைத்தபோது நெஞ்சில் ஒரு சின்ன பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது அதனால்தான்.

தம்பிக்கு ஒரு தனித் திறமை இருந்தது. பயப்படுகிறவர்களைத் தண்ணீரில் இறக்குவான். ஒரு தடவை ஐம்பது வயது டீச்சர் ஒருவர், மகனும் மருமகளும் வற்புறுத்தியதால் அரைமணிச் சவாரிக்குப் போனார். படகில் ஏறும்போதே இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டவர். திரும்பி வரும்போது தலையெல்லாம் ஈரம், சேலை மேல் உயிர்காப்புச் சட்டை, முகத்தில் பரீட்சையில் முதல் வந்த பிள்ளையின் களை. நேராக மேசைக்கு வந்தார்.

“மல்லாக்க மிதந்தேன்! நான்! ரெண்டு காதும் தண்ணிக்குள்ள. உங்க ஆளு என் தலைக்குக் கீழ ஒரு விரலை வச்சிருந்தாரு, அவ்வளவுதான். கடைசியில பாத்தா அந்த விரலும் இல்ல.”

“சந்தோஷம்மா.”

“நாளைக்குத் தீவுக்குப் போறோம். அவரே வேணும்.”

அவள் நோட்டைப் புரட்டினாள். நோட்டில் தம்பியின் பக்கம் காலியாக இருந்தது.

“அவருக்கு நாளைக்கு வேற வேலை இருக்குங்க டீச்சர். இன்னொருத்தர் இருக்காரு, ரொம்ப அனுபவம். தொப்பி போட்டிருப்பாரு.”

மறுநாள் காலை தொப்பியின் படகில் ஏறுவதற்கு டீச்சர் துறைக்குப் போனபோது, தம்பி பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்து படகின் பக்கப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பயணிகளின் பட்டியலோடு அவளும் அங்கே நின்றிருந்தாள்.

“என்னப்பா, வேற வேலை இருக்குன்னு சொன்னாங்க?” என்றார் டீச்சர்.

தம்பி ஒரு கணம் அக்காவின் பக்கம் பார்த்தான். பிறகு வயிற்றில் கையை வைத்துக்கொண்டான்.

“வயிறு சரியில்ல டீச்சர். மேசை அக்காவுக்கு அதை உங்ககிட்டச் சொல்லக் கூச்சம். நீங்க போயிட்டு வாங்க. காது ரெண்டும் தண்ணிக்குள்ள இருக்கணும், ஞாபகம் இருக்கட்டும்.”

டீச்சர் சிரித்துக்கொண்டே ஏறினார். படகு போனது. அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் நின்றாள். அவன் மறுபடி பலகையைத் துடைக்க ஆரம்பித்தான். பட்டியலை மடித்துக்கொண்டு அவள் மேசைக்குத் திரும்பிவிட்டாள்.

விஷயம் வீட்டுக்கும் போனது. அவள் கணவர் விடுதியிலேயே தண்ணீர் மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிறவர். குழாய் வழியாகச் செய்திகளும் வரும் போல. சாப்பிடும்போது கேட்டார்.

“உன் தம்பிக்கு நெஜமாவே வயிறு சரியில்லையா?”

“ஏன் கேக்குறீங்க?”

“ரெண்டு தட்டு சோறு தின்னுட்டு வந்தான் கேன்டீன்ல, அதான் கேட்டேன்.”

அவள் குழம்பை எடுத்து அவர் தட்டில் ஊற்றினாள்.

“நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு ரொம்பப் பாக்குற நீ. அந்த நாலு பேரும் ராத்திரி வீட்டுக்குப் போய் உன்னை மறந்துட்டுத் தூங்குறாங்க. உன் தம்பி வீட்டு அடுப்புதான் அரை வேக்காட்டுல நிக்குது.”

“எல்லாருக்கும் பொதுவா இருக்கணுமில்ல?”

“பொதுவா இருன்னுதான் நானும் சொல்றேன். நீ அவனுக்கு மட்டும் தனியால்ல இருக்க?”

அந்த வாரமே தம்பிக்குத் தீவு எழுத வேண்டும் என்று முடிவு செய்தாள். அந்த வாரம் தொப்பியின் மகள் பிரசவம். செலவு இருக்கும், பாவம் என்று அவருக்கு எழுதினாள். அடுத்த வாரம் வேறொன்று. தள்ளிப்போடுவதற்குக் காரணம் தேடினால் கிடைக்காமல் போவதில்லை.

போன வருஷம் புது மேனேஜர் வந்தார். இளவயது, எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புகிறவர். ஆறு படகு அதிகம், ஐந்து போதும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். எந்த ஐந்து என்பதற்கு அவர், பயணிகள் எழுதிப் போடும் கருத்துச் சீட்டுகளை எல்லாம் பெட்டியிலிருந்து கொட்டிப் படகு வாரியாகப் பிரித்தார். அவளுடைய மேசையின் மேலேயேதான். ஐந்து அடுக்குகள் உயரமாக இருந்தன. ஆறாவதில் பதினான்கு சீட்டு.

“ரெண்டு வருஷத்துல பதினாலுதான். மத்தவங்களுக்கு எல்லாம் நூறைத் தாண்டுது. இவர் என்ன, சரியா ஓட்ட மாட்டாரா?”

அரைமணிச் சவாரி போனவர்கள் எந்த ஊரிலும் சீட்டு எழுதுவதில்லை. மீன் பார்த்தோம் என்பதை எழுத எதற்குப் பேனா? தீவுக்குப் போய் நாள் முழுக்க வெயிலும் சாப்பாடும் சிரிப்புமாகத் திரும்புகிறவர்கள்தான் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இதை அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்த விடுதியில் யாருமில்லை. ‘இவருக்குத் தீவே கொடுக்கல சார். கொடுக்காதது நான்.’ இரண்டே வாக்கியம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

“அவன் என் தம்பி சார்.”

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். சங்கடப்பட்டது தெரிந்தது.

“ஓ. சாரி, எனக்குத் தெரியாது. அப்ப உங்களைக் கேக்கிறது முறையில்ல. நீங்க இதுல வர வேணாம். நானே பாத்துக்கிறேன்.”

“சரிங்க சார்.”

அந்தக் கணத்தில் அவளுக்கு ஏற்பட்டது நிம்மதி. தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி. அந்த நிம்மதியைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. சொல்லாமல் விட்டதற்குப் பயம், வெட்கம் என்று ஏதாவது பேர் வைத்துக்கொள்ளலாம். நிம்மதிக்கு என்ன பேர் வைப்பது?

வெள்ளிக்கிழமை, இனி படகு வேண்டாம் என்று தம்பியிடம் கடிதம் கொடுத்துவிட்டார்கள். தொப்பியே பதறிப்போய் மேசைக்கு ஓடி வந்தார். அன்றைக்குத் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். தலையில் முடி இருப்பதே அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

“என்ன அக்கா இது? எங்க அஞ்சு பேருல யாரைத் தூக்கியிருந்தாலும் ஒரு நியாயம் இருக்கு. அவன் கையில இருக்கிற வேலை எங்க யாருக்கும் வராது. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

எந்த வாய்க்குப் பயந்து ஏழு வருஷம் நடந்தாளோ, அந்த வாய்தான் கேட்டது. அவள் நோட்டை மூடினாள், திறந்தாள். “மேனேஜர் முடிவுங்க” என்றாள்.

சீசன் முடிந்து வெறிச்சோடிக் கிடந்த மற்ற துறைகளில் தம்பி ஒரு மாதம் அலைந்து பார்த்தான். பிறகு படகை விலை பேசிவிட்டான். கைமாற்றிக் கொடுப்பதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் போன் செய்தான்.

“அக்கா, இன்னைக்கு இவளையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு ஒரு சுத்து போறேன். நீயும் மாமாவும் வாங்களேன். சாப்பாடெல்லாம் கட்டியாச்சு.”

“இன்னைக்கா? மேசையில ஆள் இல்லையேடா. நாலு குடும்பம் வேற வந்திருக்கு.”

“அரை நாள்தானே, யாரையாவது உக்கார வை.”

“பாக்கிறேன்டா.”

உட்கார வைக்க ஆள் இருந்தது. துண்டு கொடுக்கிற பெண் எத்தனையோ தடவை மேசையைப் பார்த்துக்கொண்டவள்தான். கணவர் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். அவள் மட்டும், துறையில் மற்ற ஐந்து பேரும் நிற்பார்களே, அவர்கள் கண்ணெதிரே அந்தப் படகில் எப்படி ஏறுவது என்று யோசித்து யோசித்து, நான்கு குடும்பங்களின் காலையும் பார்த்து, இரண்டை அருவிக்கும் இரண்டைக் கோட்டைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தம்பி குடும்பத்தோடு உள்நாட்டில் ஒரு பெரிய ஊருக்குப் போய்விட்டான். குளிர்பானக் கிடங்கில் வேலை. பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறான். ஐந்து மாதம் கழித்து, இரண்டு நாள் விடுப்பு எடுத்து, பஸ்ஸில் நாலரை மணி நேரம் உட்கார்ந்து அவள் அங்கே போனாள். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். அவன் திட்டுவான், திட்டட்டும். அழுவான், அழட்டும்.

கிடங்குக்குப் பின்னால் ஒரே மாதிரி பன்னிரண்டு வீடுகள், தகரக் கதவு போட்டவை. இரண்டு அறை. தண்ணீர் டிரம் பாதி சமையலறையை அடைத்திருந்தது.

“வாங்க அண்ணி. முன்னாடியே சொல்லியிருந்தா ஏதாவது செஞ்சு வச்சிருப்பேன்ல” என்றாள் தம்பி மனைவி. படகு போன கோபம் எதுவும் குரலில் இல்லை. இருந்தாலும் தெரியாத அளவுக்கு வேலை இருந்தது அவளுக்கு.

“அத்தை, அப்பாவுக்குத் தொப்பை வந்துடுச்சு” என்றாள் அவர்களுடைய மகள்.

“உக்காந்துக்கிட்டே வண்டி ஓட்டுனா வேற என்ன வரும்?” என்றபடி தம்பி உள்ளே வந்தான். நீலச் சீருடை. வெயில் படாமல் நிறம்கூட ஒரு சுற்று மாறியிருந்தது. டீ வந்தது. ஷிஃப்டுக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனதும் அவள் ஆரம்பித்தாள். முதல் நாள் கிழித்த சீட்டிலிருந்து மேனேஜரிடம் சொல்லாத இரண்டு வாக்கியம் வரைக்கும், கடல் முரண்டு பிடிக்குது என்று சொன்ன பொய்கள் உட்பட, ஒன்றையும் விடவில்லை. அடுக்கி வைத்த வரிசையில் எதுவும் வரவில்லை. முன்னும் பின்னுமாகத்தான் வந்தது.

அவன் டம்ளரைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவள் முடித்ததும் அதைத் தரையில் வைத்தான். பிறகு அவன் கேட்டது அவள் எதிர்பார்க்காத ஒன்று.

“அப்ப, நான் நல்லாத்தான் ஓட்டினேனா?”

“என்னடா கேக்குற?”

“இல்லக்கா. நீ ஆளைப் பாத்தா எடை போட்டுடுவ. வர்றவங்க காலைப் பாத்தே சொல்லுற. அப்படிப்பட்டவ என்னைத் தீவுக்கு அனுப்பல. அப்ப என்கிட்ட ஏதோ குறை இருக்குன்னுதானே நான் நினைப்பேன்?”

“டேய்...”

“முதல் நாள் நீ சீட்டைக் கிழிச்சது தொப்பி பேச்சுக்காகன்னு விட்டுட்டேன். வந்த புதுசுல எல்லாரும் கல்யாணத்துக்குப் போன ஒரு நாள் தீவுக்குப் போற வழியில அந்தப் பாறைத் திட்டுல படகை லேசா உரசிட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல. சாயங்காலம் உன்கிட்ட வந்து சொன்னேன். நீ ஒண்ணும் சொல்லல, நோட்டுல எதையோ எழுதிக்கிட்டே இருந்த. அன்னையிலேர்ந்து உனக்கு என் மேல நம்பிக்கை போயிடுச்சு, கூடப் பிறந்தவன்கிறதால வெளிய காட்டிக்காம சின்ன வேலையா குடுக்கிறன்னு நினைச்சேன். அந்த டீச்சர் கேட்டப்பகூட அதான் சமாளிச்சேன். கடிதம் வந்தப்ப, சரி, மேனேஜருக்கும் தெரிஞ்சுபோச்சு போலன்னு...” அவன் சிரிக்கப் பார்த்தான். “வேற துறையில யாராவது கேட்டிருந்தாக்கூட, தைரியமா ஓட்டுறேன்னு சொல்லியிருக்க மாட்டேன். அதான் வித்தேன்.”

கிடங்கில் மணி அடித்தது. அவன் எழுந்து சுவரிலிருந்த ஆணியிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

“சாப்பிட்டுட்டுத்தான் போகணும். அவ கோச்சுக்குவா” என்று சொல்லிவிட்டு, படி இறங்கி, தன்னைப் போலவே நீலச் சீருடை போட்டவர்களோடு போய்ச் சேர்ந்தான்.

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பாறைத் திட்டில் படகு உரசியதை, ஒரு சாயங்காலம் மேசை முன்னால் வந்து நின்று அதை அவன் சொன்னதை ஞாபகப்படுத்திப் பார்த்தாள். எந்த மாதம், என்ன சட்டை போட்டிருந்தான், தான் என்ன எழுதிக்கொண்டிருந்தோம். எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு சாயங்காலம் அவளுக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.